விசேஷ வீட்டுக் காப்பிக்கு எந்தத் தண்ணீர்? எதால் அளப்பது?

செட்டிநாட்டில் ஒரு பெரிய வீட்டைத் திறந்து கல்யாணமோ சாந்தியோ நடத்துகிறவர்கள் பந்தலுக்கும் மேளத்துக்கும் சமையலுக்கும் நாலு பேரிடம் யோசனை கேட்பார்கள். காப்பித் தண்ணீருக்கு யாரிடமும் கேட்பதில்லை. தூளைப் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். பாலுக்கு முதல் நாளே சொல்லி வைப்பார்கள். தண்ணீர் மட்டும் இரண்டாங்கட்டில் எந்தக் குழாய் கைக்கு எட்டுகிறதோ அதிலிருந்து வரும். டிகாஷனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அந்தத் தண்ணீர்தான். வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடுகளில், அந்தக் குழாயில் என்ன வருகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: எந்தத் தண்ணீர், அதை எதால் அளப்பது. கணக்குக்காக இருநூறு பேருக்கான காலைக் காப்பி என்று வைத்துக்கொள்கிறேன். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கேன் தண்ணீரில் கொஞ்சம் போர் தண்ணீர் கலந்து, அதை ஒரு கோலால் அளப்பது. ஏன் மற்றவை வேண்டாம் என்பதற்குத்தான் மீதிக் கட்டுரை.

முதலில் எந்த எண்ணைப் பார்ப்பது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். இப்போது எல்லார் வீட்டிலும் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். (மொத்தக் கரைசல்) மீட்டர் இருக்கிறது. தண்ணீரில் முக்கினால் 600 என்று காட்டும், உடனே "தண்ணி மோசம்" என்று தீர்ப்பு வந்துவிடும். அந்த மீட்டர் பார்ப்பது மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை மட்டும். கரைந்திருப்பது சமையல் உப்பின் குளோரைடா, சுண்ணாம்பின் பைகார்பனேட்டா என்று அதற்குத் தெரியாது. காப்பிக்கோ இந்த வித்தியாசம்தான் எல்லாம். காப்பியின் உயிர் அதன் மெல்லிய புளிப்பில் இருக்கிறது. பைகார்பனேட் அந்தப் புளிப்பைத் தின்றுவிடும். மிச்சம் இருப்பது சப்பென்ற கசப்பு. சமையல்காரர் ருசி பார்த்துவிட்டு, "தண்ணி சவரா இருக்கு ஆச்சி, தூள் இன்னும் அரைக் கிலோ போடணும்" என்பார். அரைக் கிலோ போட்டால் கசப்பு கூடும், புளிப்பு திரும்பாது.

ஆக, பார்க்க வேண்டிய எண் காரத்தன்மை, அதாவது தண்ணீர் எவ்வளவு புளிப்பைத் தாங்கி விழுங்கும் என்ற அளவு. பி.எச். வேறு, இது வேறு. பி.எச். 7.8 என்று காட்டும் இரண்டு தண்ணீரில் ஒன்று காப்பியைக் கெடுக்கும், இன்னொன்று கெடுக்காது. உலக அளவில் காப்பித் தொழில்காரர்கள் வைத்திருக்கும் வழிகாட்டலில் காரத்தன்மை லிட்டருக்கு 40 மி.கி. அருகில் இருப்பது நல்லது, 70 வரை போகலாம் என்று இருக்கிறது; மொத்தக் கரைசல் 150 அளவில். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 காரத்தன்மை 200 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. குடிக்க ஒரு குறையும் இல்லாத தண்ணீர் காப்பிக்கு ஆகாமல் போவது இதனால்தான். நம் காப்பி கறுக்க வறுத்தது, சிக்கரி சேர்ந்தது, பாலில் கலப்பது. அதனால் நான் 80 வரை விட்டுக்கொடுப்பேன், அதற்கு மேல் இல்லை.

இந்தக் கணக்கு எனக்கு வந்து சேர்ந்த வழி கொஞ்சம் சுற்று வழி. அக்கா மகன் மெல்போர்னில் இருக்கிறான், வாரக் கடைசியில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவன். அங்கே சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம். இங்கே 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, அந்தப் பேச்சே வேண்டாம். ஆனால் அந்த ஆட்கள் தண்ணீரைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது நம் காப்பிக்காரர்களுக்குத் தெரிந்ததை விட அதிகம். செக் நாட்டின் பில்சன் ஊர்த் தண்ணீர் உப்பே இல்லாத மெல்லிய தண்ணீர், அதனால் அங்கே வெளிறிய பீர் வந்தது. இங்கிலாந்தில் பர்ட்டன் ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். கசப்புத் தூக்கலான பீருக்கு அது பேர்போனது. டப்ளின் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், அங்கே கறுக்க வறுத்த பார்லியின் புளிப்பு அந்தக் காரத்தைச் சமன் செய்ததால் கறுப்பு பீர் நிலைத்தது. ஊர்த் தண்ணீர்தான் ஊர் பீரைத் தீர்மானித்தது. இப்போது அவர்கள் எந்தத் தண்ணீரையும் எடுத்து, எண்ணைப் பார்த்து, வேண்டியபடி மாற்றிக்கொள்கிறார்கள். மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, ஊறும் கூழின் பி.எச். 5.2-க்கும் 5.6-க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்பது அவர்களுடைய குறி. அது நமக்கு வேண்டாம். காரத்தன்மையைப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அளப்பது சுலபம். மீன் தொட்டி விற்கும் கடையில் கே.எச். சோதனைக் குப்பி என்று கேட்டால் கிடைக்கும்; காரத்தன்மைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. சின்னக் கண்ணாடிக் குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்து, குப்பியிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். முதல் சொட்டில் தண்ணீர் நீலமாகும். நீலமாகவே இருந்து, ஏதோ ஒரு சொட்டில் பட்டென்று மஞ்சளாகும். ஒரு சொட்டுக்கு ஏறக்குறைய 18 மி.கி. நாலு சொட்டில் மஞ்சளானால் சுமார் 70, அப்படியே அடுப்பில் ஏற்றலாம். பதினெட்டு சொட்டு போனால் 320. குப்பியோடு வரும் தாளில் எத்தனை மில்லி தண்ணீர் எடுத்தால் ஒரு சொட்டு எவ்வளவு என்று போட்டிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடினத்தன்மைக்கும், அதாவது கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பதற்கும், இதே மாதிரி ஒரு குப்பி உண்டு, அதையும் சேர்த்து வாங்குங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முழுசாகத் தெரிய வேண்டுமானால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம்.

சரி, இப்போது தண்ணீர்களுக்கு வருவோம்.

போர் தண்ணீரைப் பற்றிப் பொதுவாக ஒன்றும் சொல்ல முடியாது. செட்டிநாட்டில் ஊருக்கு ஊர், சில இடங்களில் தெருவுக்குத் தெரு மாறுகிறது. செம்புறாங்கல் பூமியில் மேலாக ஊறும் தண்ணீர் மெல்லியதாக இருக்கும், அடுத்த ஊரில் பாறையைத் துளைத்து எடுத்தது பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும். வாளியில் பிடித்து வைத்துக் காலையில் பார்த்தால் துருநிறம் ஏறியிருந்தால் அதில் இரும்பு இருக்கிறது. அந்தத் தண்ணீரைக் காப்பிக்கும் டீக்கும் எடுக்கவே வேண்டாம். இரும்பு நிறத்தைக் கறுக்கவைக்கும், நாக்கில் ஆணி ருசி நிற்கும்.

குழாய்த் தண்ணீர் வருகிற இடத்தில் அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசுவதில் நியாயம் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் பல ஊர்களுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீரும் வருகிறது. எண் 80-க்குள் இருந்தால் கேன் எதற்கு, கலப்பு எதற்கு? குளோரின் வாடை அடித்தால் மூடாமல் கொதிக்க விட்டால் போய்விடும். சிக்கல் என்னவென்றால் விசேஷத்தன்று குழாய் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, தொட்டியில் முன்பே கிடந்த போர் தண்ணீரோடு அது கலந்துவிடும்.

கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்ட்னர் இயந்திரம் வைத்த வீடுகளில்தான் பெரிய ஏமாற்றம் நடக்கிறது. புதுப்பித்த வீடுகளில், விருந்தினர் விடுதியாக மாற்றிய வீடுகளில், குளியலறைக் குழாய் வெளுக்காமல் இருக்க இதை மாட்டியிருப்பார்கள். "நல்ல தண்ணியாக்கிட்டோம்" என்று அதையே அடுப்படிக்கும் இழுத்திருப்பார்கள். அந்த இயந்திரம் செய்வது ஒரு மாற்று வியாபாரம்: கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. பைகார்பனேட்டைத் தொடுவதே இல்லை. 320 காரத்தன்மை உள்ளே போனால் 320 வெளியே வரும், இப்போது அது சோடா உப்புக் கரைசலாக. ருசிக்கு உதவும் கால்சியமும் மெக்னீசியமும் போய், கெடுக்கும் காரம் மட்டும் நிற்கிறது. பில்டரில் தூள் ஊதிக்கொண்டு டிகாஷன் இறங்கவும் நேரமாகும். துணி துவைக்கட்டும், குளிக்கட்டும். காப்பிக்கு எல்லாவற்றிலும் கடைசி இடம் இதற்குத்தான். நேரடிப் போர் தண்ணீரே இதைவிட மேல்.

கொதிக்கவைத்து ஆறவைப்பது பழைய வழி, இன்றைக்கும் மோசமில்லை. கொதிக்கும்போது பைகார்பனேட் உடைந்து, கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்பாகக் கீழே படியும். மூடாமல் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, இரவு முழுக்க அசைக்காமல் வைத்து, காலையில் மேல் தண்ணீரை மட்டும் மொண்டு எடுக்க வேண்டும். எவ்வளவு குறையும் என்பது கடினத்தன்மையைப் பொறுத்தது, இரண்டாவது குப்பி வாங்கச் சொன்னது இதற்காகத்தான். காரத்தன்மை 320, கடினத்தன்மை 350 என்றால் பெரும்பகுதி படிந்துவிடும். காரத்தன்மை 320, கடினத்தன்மை 150 மட்டும் என்றால் படிய 150-க்கு மேல் ஆள் இல்லை. மீதி 170 சோடியத்தோடு சேர்ந்தது, எத்தனை மணி நேரம் கொதித்தாலும் போகாது. நம் பக்கத்துத் தண்ணீரில் பின்னதும் உண்டு. அப்புறம் விறகோ கேஸோ இரண்டு தடவை செலவு. விசேஷ வீட்டில் ஒரு பெரிய அண்டாவை இரவெல்லாம் யாரும் தொடாமல் காப்பது அதைவிடக் கஷ்டம்.

புளிப்பைச் சேர்த்துக் காரத்தை அடிப்பது பீர்க்காரர்களின் வழி. அவர்கள் லாக்டிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ சொட்டு சொட்டாக விடுவார்கள். நம்மிடம் எலுமிச்சை உப்பு இருக்கிறது. 320-ஐ 70-க்கு இறக்க லிட்டருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு கிராம் தேவைப்படும். கணக்கு சரிதான், ஆனால் அடுப்படியில் நாலு பேர் கை வைக்கிற இடத்தில் ஒரு கரண்டி கூடிப்போனால் இருநூறு பேருக்கான பால் திரிந்துவிடும். நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கேன் தண்ணீரை அப்படியே ஊற்றினால் என்ன? ஊற்றலாம். பலர் அதைத்தான் செய்கிறார்கள், போர் தண்ணீரை விட நிச்சயம் நன்றாக இருக்கும். ஆனால் ஆர்.ஓ. முறையில் உப்பையெல்லாம் வடித்த தண்ணீரில் காப்பியின் புளிப்பைக் கட்டுப்படுத்த ஒன்றுமே இல்லை. டிகாஷன் கூர்மையாக, உடம்பில்லாமல் இருக்கும். பால் அதை மறைக்கும், பால் இல்லாமல் குடிக்கிற பெரியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆகவே கலப்பு. போர் தண்ணீரின் காரத்தன்மை 320, கேன் தண்ணீருடையது 10 என்று வைத்துக்கொண்டால், ஒரு பங்கு போருக்கு நாலு பங்கு கேன்: 320-உம் நாலு பத்து நாற்பதும் சேர்த்து 360, அதை ஐந்தால் வகுத்தால் 72. அவ்வளவுதான் கணக்கு. கூடவே கொஞ்சம் கால்சியமும் மெக்னீசியமும் வந்து சேர்கிறது, அது காப்பிக்கு வேண்டியதுதான். போரில் 200 மட்டும் என்றால் ஒன்றுக்கு இரண்டு போதும்: 220-ஐ மூன்றால் வகுத்தால் 73. கேன் வந்ததும் அதையும் ஒரு தடவை சொட்டு விட்டுப் பார்த்துவிடுங்கள், எல்லாக் கேனும் ஒன்றல்ல. மூடியின் சீலும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது தனி. துருநிறம் காட்டும் போர், உப்புக் கரிக்கும் போர் என்றால் கலப்புக்கும் அதை எடுக்காதீர்கள்; குழாய்த் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள்.

மழைத்தண்ணீரை விட்டுவிட்டேன் என்று யாராவது கேட்பார்கள். நாலு பக்கக் கூரையும் வளவு முற்றத்தைப் பார்த்துச் சரிகிற வீட்டில், மூலைத் தூம்புக்குக் கீழே அண்டாவை வைத்து மழைத்தண்ணீர் பிடித்தவர்கள் நம் முன்னோர். 2003-இல் அரசு எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அந்த வீடுகள் சிரித்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் விசேஷம் என்றால், முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையில் சுத்தமாகப் பிடித்து வடிகட்டிய தண்ணீர் கேனுக்குச் சமம். அதே ஒன்றுக்கு நாலு கணக்கில் கலக்கலாம், கொதிக்கத்தான் போகிறது. ஆனால் மழையை நம்பி யார் முகூர்த்தம் வைக்கிறார்கள்? தையிலும் வைகாசியிலும் இந்தப் பேச்சுக்கு இடமில்லை.

இனி அளவு. தண்ணீரைச் சரி செய்துவிட்டு அளவைக் கோட்டைவிட்டால் பாடுபட்டது வீண். ஒரு டம்ளருக்கு 35 மில்லி டிகாஷன் என்றால் இருநூறு பேருக்கு 7 லிட்டர். தூள் ஆளுக்கு 10 கிராம் வீதம் 2 கிலோ. தூள் தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், அது 4 லிட்டர். ஆக ஊற்ற வேண்டியது 11 லிட்டர். கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: தூள் பிடித்துக்கொள்ளும் 4 லிட்டர் மாறுவதில்லை. ஊற்றுவதில் ஒரு லிட்டர் கூடினால் அது முழுசாக டிகாஷனில் போய் விழும், 7 லிட்டர் 8 ஆகும். "ஒரு குடம்" என்று சொல்லி 14 லிட்டர் ஊற்றினால் டிகாஷன் 10 லிட்டர். மூன்றாவது பந்திக்கு வருகிறவர் கழுநீர் குடிப்பார்.

குடக் கணக்கு அதனால் ஆகாது. பித்தளைக் குடம், எவர்சில்வர் குடம், பிளாஸ்டிக் குடம் மூன்றும் மூன்று அளவு, நெளிந்தது நாலாவது. எட்டு ஆழாக்கு ஒரு படி என்ற கணக்கு துல்லியமானது. படிதான் வீட்டுக்கு வீடு வேறு. எடைத் தராசு இருந்தால் அதுதான் உத்தமம்: வெறும் பாத்திரத்தை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, 11 கிலோ தண்ணீர் ஊற்றினால் 11 லிட்டர். ஆனால் கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கித் தராசில் வைக்க முடியாது, கொதித்ததில் ஆவியாகிப் போனது எவ்வளவு என்று தெரியாது.

கோல் ஜெயிப்பது இங்கேதான். பெட்டகச் சாலையில் அடுக்கியிருக்கும் இனிஷியல் வெட்டிய பாத்திரங்களில் பக்கம் நேராக நிற்கும் ஒன்றை எடுங்கள். பித்தளையாக இருந்தால் உள்ளே ஈயப்பூச்சு புதிதாக இருக்க வேண்டும். புளிப்புள்ள டிகாஷன் வெறும் பித்தளையில் நிற்கக் கூடாது. உள்ளே குறுக்களவு 36 செ.மீ. இருந்தால் ஒரு செ.மீ. உயரம் ஏறக்குறைய ஒரு லிட்டர், மனக்கணக்கே போதும். அடி உருண்டையான பாத்திரத்தில் இந்தச் சூத்திரம் பொய் சொல்லும். அதற்கு, அளந்த தண்ணீரை இரண்டிரண்டு லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் கோலில் ஒரு கீறல் போட்டுக்கொள்ள வேண்டும். மூங்கில் கோல் போதும், எவர்சில்வர் அளவுகோல் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பாத்திரத்துக்கு ஒரு கோல், கோலிலேயே பாத்திரத்தின் பெயர்.

இரண்டு நுணுக்கம். இரண்டாங்கட்டுத் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சாய்த்துப் போட்டது. பாத்திரத்தின் ஓரத்தில் கோல் விட்டால் ஒரு பக்கம் கூடுதலும் மறுபக்கம் குறைவுமாகக் காட்டும். நட்ட நடுவில் விட்டால் சாய்வு தானாகக் கழிந்துவிடும். இரண்டாவது, கொதிக்கும் தண்ணீர் விரிந்திருக்கும், குளிர்ந்த நிலையை விட கிட்டத்தட்ட 4 சதவீதம். குளிர்ந்த 11 லிட்டர் கொதிக்கும்போது கோலில் 11.4 என்று காட்டும். அக்கா மகன் பீர் வடிநீரை அளக்கும்போது இந்த 4 சதவீதத்தைக் கழிக்காமல் எழுதமாட்டான். நாமும் கோலில் சூட்டுக் கீறல் ஒன்று தனியாகப் போட்டுவிட்டால் யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. 12 லிட்டர் ஏற்றி, கொதித்து, அந்தக் கீறலுக்கு இறங்கியதும் தூளில் ஊற்றச் சொல்லுங்கள்.

இரண்டாம் டிகாஷனுக்கும் இதே கலப்புத் தண்ணீர்தான். சமையல்காரர்கள் முதல் டிகாஷனுக்கு நல்ல தண்ணீரை ஊற்றிவிட்டு, இரண்டாவதற்குப் பக்கத்துக் குழாயைத் திறப்பார்கள். சாரம் இறங்கி முடிந்த தூளில் அந்தத் தண்ணீரின் காரத்தைத் தாங்கும் புளிப்பு மிச்சமிருக்காது, சப்பென்ற கசப்பு அப்படியே தெரியும். பீர்க்காரர்களும் மால்ட்டைக் கடைசியாகக் கழுவும் தண்ணீரில்தான் அதிகக் கவனமாக இருக்கிறார்கள், காரம் மிஞ்சினால் உமியின் துவர்ப்பு இறங்கிவிடும் என்று. முதலுக்கு 12, இரண்டாவதற்கு 5, ஆக 17 லிட்டர். கேனிலிருந்து 16-உம் போரிலிருந்து 4-உம் சேர்த்தால் 20 லிட்டர் வருகிறது. இருநூறு பேருக்கு ஒரே ஒரு கேன். அதை முதல் நாள் மாலையே கலந்து, மூடி, "காப்பிக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் விடியற்காலையில் யாராவது அதில் இட்லிக் கொப்பரையை நிரப்பியிருப்பார்கள்.